முதல் லொறி எஞ்சினைக் கட்டும்போது

கல்முனைப் பக்கத்துக் கராஜ்களுக்கு எஞ்சின் வேலைக்கு வரும் லொறிகளில் வெறுமனே வயது போய் வருபவை குறைவு. சம்மாந்துறை வயல் புழுதியைத் தின்றது ஒன்று. ரேடியேட்டரில் தண்ணீர் வற்றியது தெரியாமல் மலையேறி வெந்தது ஒன்று. ஒயில் மட்டத்தைப் பார்க்க ஆளில்லாமல் பெயாரிங் காய்ந்தது இன்னொன்று. கடைசியில் எல்லாம் ஒரே கோலத்தில்தான் வந்து நிற்கும்: புகை அடிக்கும், இழுவை இருக்காது, ஒயில் குடிக்கும். முதல்முறை எஞ்சின் கட்டப்போகிறவர் இவற்றைப் பிரித்தறியாமல் பிஸ்டன், ரிங், பெயாரிங், கெஸ்கட் என்று பட்டியல் எழுதிக்கொண்டு கடைக்கு ஓடினால், புதுச்சாமானையும் பழைய நோயே தின்றுவிடும். அதனால் இந்த அத்தியாயத்தில் முறுக்குகிற வேலையைவிடப் பார்க்கிற வேலைக்கும் அளக்கிற வேலைக்கும் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

எஞ்சினைக் கட்டுவதா, வேறொன்றைத் தூக்கி வைப்பதா என்ற கேள்வி முதலில் வரும். லொறியையே மாற்றலாமே என்றால், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபாய் விழுந்து, 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்ட பிறகும் நெல்லும் மீனும் மணலும் செங்கல்லும் ஏற்றி நம் வீதிகளில் ஓடுபவை பழைய எல்ஃப்களும் கன்டர்களும் டாட்டாக்களும் லேலண்டுகளும்தான். ஜப்பானில் கழற்றி வந்த பழைய எஞ்சினை வாங்கி மாட்டுவது வேகமான வழி. ஆனால் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது. இலக்கம் வேறான எஞ்சினை மாட்டினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தையும் திருத்த வேண்டும். பிளொக் வெடிக்காமலும் கிராங் முறியாமலும் இருந்தால், இருக்கிற எஞ்சினையே கட்டுவதுதான் என் தெரிவு. அளந்து கட்டிய எஞ்சினுக்குக் கட்டியவர் பொறுப்புச் சொல்லலாம்.

பழகுவதற்கு இசுசு எல்ஃபில் வரும் 4JB1 எஞ்சினை எடுத்துக்கொள்கிறேன். நாலு சிலிண்டர், 93 மில்லிமீற்றர் போர், 102 மில்லிமீற்றர் ஸ்ட்ரோக், 2771 சிசி, நேரடி டீசல் பீச்சல், வெடிக்கும் ஒழுங்கு 1-3-4-2. சாமான் கிடைக்கும், கம்பனிக் கையேடும் கிடைக்கும், ஒரு செயின் பிளொக்கில் தூக்கவும் முடியும். உங்களிடம் இருப்பது கன்டரின் 4D31 என்றாலோ டாட்டா 697 என்றாலோ இங்கே சொல்லும் முறை அதேதான்; அளவுகளை மட்டும் அந்தந்தக் கையேட்டிலிருந்து எடுங்கள். பக்கத்துக் கராஜில் வாயால் சொல்லும் அளவை எழுதி வைத்துக்கொண்டு எஞ்சின் கட்டக் கூடாது. டாட்டா 692 என்றால் 92 மில்லிமீற்றர் போர், 697 என்றால் 97. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் சாமான் வேறு.

கழற்றுவதற்கு முன்

எஞ்சின் ஓடும் நிலையில் இருந்தால் ஓடவிட்டே பார்க்க வேண்டியவை இருக்கின்றன. கழற்றிய பிறகு அவை திரும்பக் கிடைக்கா. சூடானதும் ஒயில் ஊற்றும் மூடியைத் திறவுங்கள். விட்டு விட்டுப் புகை தள்ளினால் ரிங்குகளைத் தாண்டிக் காற்று கீழே இறங்குகிறது. புகையின் நிறத்தைப் பாருங்கள். நீலம் ஒயில். கறுப்பு என்றால் டீசல் கூட அல்லது காற்றுக் குறைவு. சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை வந்தால் தண்ணீரையோ எரியாத டீசலையோ சந்தேகிக்க வேண்டும்.

பிறகு கம்ப்ரஷன். குளோ பிளக்குகளைக் கழற்றி, டீசல் போகாமல் பம்பின் சொலினொயிட் வயரை எடுத்துவிட்டு, நல்ல பற்றரியோடு ஒவ்வொரு சிலிண்டராக அளவுங்கள். இசுசு 4J எஞ்சின்களுக்கு நிமிடத்துக்கு 200 சுற்றில் சதுர சென்ரிமீற்றருக்கு 31 கிலோ என்பது புது அளவு, 22 என்பது கடைசி எல்லை. நாலும் சேர்ந்து இறங்கியிருந்தால் தேய்மானம். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அந்தச் சிலிண்டருக்கு ஒரு தனிக்கதை இருக்கிறது. வால்வா, பிஸ்டனா, கெஸ்கட்டா என்று ஹெட்டைத் தூக்கும்போது அங்கே கூர்ந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது பலர் செய்யாமல் விடுவது. எயார் கிளீனருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸைக் கழற்றி, வெள்ளைச் சாரன் துண்டு ஒன்றை விரலில் சுற்றி உள்பக்கத்தைத் துடையுங்கள். துணியில் மண் நிறம் ஏறினால் அந்த லொறி பில்டருக்குப் பிறகும் மண் தின்றிருக்கிறது. ஹோஸின் அடிமடிப்பில் வெடிப்பிருக்கும், அல்லது கிளிப் இறுகாமல் இருக்கும், அல்லது பில்டரின் ரப்பர் விளிம்பு சரியாக உட்கார்ந்திருக்காது. மாசி பங்குனியில் பெரும்போக அறுவடை, ஆவணி புரட்டாதியில் சிறுபோக அறுவடை. அந்த வாரங்களில் அறுவடை இயந்திரத்துக்குப் பின்னால் வரம்போரம் காத்து நிற்கிற லொறி எஞ்சினை நிறுத்தாமல் இழுக்கும் காற்று முழுக்க வைக்கோல் தூளும் மணலும்தான். பத்து வருடம் ஓட வேண்டிய லைனரை இரண்டு போகத்தில் முடித்துவிட ஒரு விரற்கடை வெடிப்புப் போதும்.

காலத்தையும் இப்போதே கணக்கிடுங்கள். அறுவடைக்கு ஒரு வாரம் இருக்க வந்து, “தம்பி, கெதியா முடிச்சித் தா” என்று நிற்கும் லொறிக்காரருக்கு முதல் எஞ்சினைச் செய்து கொடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். லேத்தில் வரிசை இருக்கும். இங்கே இல்லாத சாமான் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வரவேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடைகள் பூட்டு. நோன்பு மாதம் என்றால் பெயாரிங் பொருத்துவதையும் ஹெட் போல்ட் முறுக்குவதையும் காலையிலேயே முடித்துவிடுங்கள். நோன்பு திறக்கப்போகும் கடைசி மணித்தியாலத்தில் கையும் கண்ணும் சோர்ந்திருக்கும். அந்த நேரம் கழுவுகிற வேலைக்குப் பரவாயில்லை.

கழற்றுதல்

இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட இரும்பு உங்கள் தலைக்கு நேரே தொங்கப்போகிறது. செயின் பிளொக்கை ஓட்டுக்கூரையின் வளையில் மாட்டாதீர்கள். இரும்பு முக்காலி இரவலுக்குக் கிடைக்கும், வாங்கி வையுங்கள். தொங்கும் எஞ்சினுக்குக் கீழே கையையோ காலையோ நீட்டாதீர்கள்.

எதைக் கழற்றினாலும் முதலில் போனில் படம் எடுங்கள், அதன்பின் அடையாளம் போடுங்கள். கொன்ரொட்டும் அதன் தொப்பியும் ஒரு சோடி. அவற்றைச் சேர்த்து முறுக்கிய நிலையில்தான் அந்த வட்டம் கடையப்பட்டிருக்கிறது. ஒன்றின் தொப்பி மற்றொன்றுக்கு மாறினால் வட்டம் வட்டமாக இராது, பெயாரிங் பிடிக்கும். மெயின் தொப்பிகளும் அப்படியே: இலக்கமும் முன்பக்கம் காட்டும் அம்புக்குறியும் தெரிகிறதா என்று பாருங்கள், தெரியாவிட்டால் பொன்ச் குத்துங்கள். புஷ் ரொட்களையும் டெப்பட்களையும் ஓட்டை போட்ட அட்டையில் ஒழுங்காகக் குத்தி வையுங்கள். ஹெட் போல்ட்டையும் மெயின் போல்ட்டையும் தளர்த்தும்போது இரு ஓரங்களிலிருந்து நடுவுக்கு வாருங்கள், ஒரே மூச்சில் முழுதாகத் தளர்த்தாமல் இரண்டு மூன்று சுற்றாக. கட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு.

லைனரின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே ரிங் எட்டாத இடத்தில் ஒரு படி நிற்கும். பிஸ்டனை மேலே எடுக்கும்போது அது தடுக்கும். சுத்தியலால் கீழிருந்து அடித்துத் தள்ளினால் ரிங் மேடை உடையும், பிறகு அந்தப் பிஸ்டனிலிருந்து எதையும் படிக்க முடியாது. முதலில் கரியைச் சுரண்டி, படியில் நகம் தட்டுகிறதா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, படியை இறக்கிவிட்டு எடுங்கள்.

சாமான்கள் சொல்லும் கதை

கழற்றியதை உடனே கழுவிவிடாதீர்கள். ஒரு மேசையில் பழைய பேப்பர் விரித்து, ஒன்றாம் சிலிண்டர் முதல் நாலாம் சிலிண்டர் வரை பிஸ்டன், ரிங், பெயாரிங் என்று வரிசையாகப் பரப்புங்கள். எஞ்சின் ஏன் செத்தது என்பது இந்த மேசையில்தான் தெரியும்.

லைனரின் படியை இறக்குமுன் அதில் நகம் தட்டி நின்றிருந்தால் தேய்மானம் கணிசமானது. மேல் ரிங் மெலிந்து, லைனரின் மேற்பகுதி அகன்று, ஹோனிங் கோடுகள் அழிந்து கண்ணாடி போல இருந்தால் மண் காற்றோடு மேலிருந்து வந்திருக்கிறது. ஒயில் ரிங்கும் பெயாரிங்கும் அதிகம் தேய்ந்து மேல் ரிங் ஓரளவு தப்பியிருந்தால் அழுக்கு ஒயிலோடு கீழிருந்து வந்திருக்கிறது: மாற்றாத ஒயில், மலிவான பில்டர், அல்லது முன்பு யாரோ கழுவாமல் கட்டிய எஞ்சின். இந்த வேறுபாட்டைக் கண்டுகொண்டால் அடுத்துச் செய்யவேண்டிய வேலையில் பாதி தெளிந்துவிடும். முதல் வகைக்கு எயார் கிளீனர் வீட்டையும் ஹோஸையும் மாற்றாமல் லொறியை வெளியே விடக்கூடாது. இரண்டாம் வகைக்கு பிளொக்கின் ஒயில் வழிகள் அத்தனையையும் பிளக் கழற்றித் துலக்க வேண்டும்.

ஒரு சிலிண்டரில் மட்டும் பிஸ்டனின் தலை அரித்து, அதே பக்கத்தில் மேலிருந்து கீழாகக் கீறல் ஓடியிருந்தால் அந்த நொஸில் சொட்டுகிறது. சிதறாமல் விழும் டீசல் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிவிடும். பிஸ்டன் பாவாடையின் ஒரு பக்கத்தில் மேலேயும் எதிர்ப்பக்கத்தில் கீழேயும் சாய்வாகத் தேய்ந்திருந்தால் கொன்ரொட் வளைந்திருக்கிறது. நம் கரையில் இதைத் தவறாமல் பார்க்க வேண்டும். 2004 டிசம்பர் 26 கடல் புகுந்தபோதும், 2024 நவம்பர் வெள்ளத்தின்போதும் தண்ணீருக்குள் நின்ற வாகனங்களை அவசரத்தில் ஸ்டார்ட் அடித்துப் பார்த்தவர்கள் உண்டு. சிலிண்டருக்குள் தண்ணீர் அமுங்காது, கொன்ரொட்தான் வளையும். அப்படி வளைந்தது நிமிராமலே வருடக்கணக்கில் ஓடும், சிலிண்டரை மட்டும் சாய்வாகத் தின்றுகொண்டே. தண்ணீரில் மூழ்கிய எஞ்சின் உங்களிடம் வந்தால் முதல் வேலை நொஸில்களைக் கழற்றுவது. சாவியைத் திருப்புவது அல்ல.

பெயாரிங்கைப் படிப்பது நிறத்தில். மேலே மெல்லிய சாம்பல் பூச்சு, அதன்கீழ் செம்பு நிறம், அடியில் உருக்கு. சாம்பல் சீராக இருந்தால் நல்ல வாழ்வு வாழ்ந்திருக்கிறது. செம்பு திட்டுத்திட்டாகத் தெரிந்தால் மாற்றும் காலம். ஓடை ஓடையாகக் கீறியிருந்தால் மண். கிராங்கின் ஜேர்னல் நீலம் பாய்ந்திருந்தால் ஒயில் வராமல் வெந்திருக்கிறது. ஒயில் பம்பையும் சம்பின் அடியில் இருக்கும் வலையையும் பிறகு பார்க்காமல் விடாதீர்கள்.

அளத்தல்

ஒரு மைக்ரோமீட்டர், ஒரு போர் கேஜ், ஒரு டயல் கேஜ், நேர்விளிம்புச் சட்டம், பீலர் கேஜ். 4JB1இல் பிக் எண்ட் ஜேர்னல் 53 மில்லிமீற்றர் அளவு, மெயின் 70 அளவு. ஆகவே 50-75 மைக்ரோமீட்டர் ஒன்றே இரண்டுக்கும் போதும். காசு குறைவென்றால் பெயின்ட்டையும் குரோம் மூடிகளையும் விடுங்கள், இதை வாங்குங்கள்.

லைனரை மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், கிராங்கின் நீளவாட்டிலும் குறுக்கிலும் அளக்க வேண்டும். சிலிண்டருக்கு ஆறு, எஞ்சினுக்கு இருபத்துநாலு எண்கள். எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் கட்டம் போட்டு எழுதுங்கள். குறுக்கு அளவு கூடியிருப்பது இயல்பு, பிஸ்டன் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம்தான் மண்ணின் கணக்கு. முற்றத்து வெயிலில் கிடந்த பிளொக்கை அப்படியே அளக்கக் கூடாது. சூடு 10 பாகை கூடினால் 93 மில்லிமீற்றர் வார்ப்பிரும்பு நூறில் ஒரு மில்லிமீற்றர் விரியும். பிளொக்கையும் கேஜையும் ஓரிரவு ஒரே நிழலில் வைத்து, சுபஹுக்குப் பிறகு, வெயில் ஏறுமுன் அளந்தால் எண்கள் பொய் சொல்லா.

ஜேர்னல்களையும் இரண்டு இடத்தில், இரண்டு திசையில் அளவுங்கள். ஒயில் நிற்கும் இடைவெளி ஜேர்னல் விட்டத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருப்பது பொது வழக்கு. 53க்கு 0.05 மில்லிமீற்றர் சொச்சம். 0.1ஐத் தாண்டினால் ஒயில் பிரஷர் நிற்காது. பிளாஸ்டிகேஜ் நூலை ஜேர்னலில் வைத்து, தொப்பியைச் சரியான இறுக்கத்துக்கு முறுக்கி, கழற்றி, நசுங்கிய அகலத்தை உறையிலுள்ள அளவோடு ஒப்பிட்டாலும் தெரியும். நூல் இருக்கும்போது கிராங்கைச் சுற்றிவிடக் கூடாது.

லேத்துக்குக் கொண்டுபோகுமுன் ஒரு எச்சரிக்கை. இசுசு 4J குடும்பத்தில் டஃப்ட்ரைட் செய்த கிராங்க் உண்டு. மேற்பரப்பு மட்டும் மிக மெல்லியதாகக் கடினமாக்கப்பட்டது. அதை கிரைண்ட் செய்யக் கூடாது என்று கம்பனிக் கையேடே சொல்கிறது. ஆனால் சந்தையில் 0.25 அண்டர்சைஸ் பெயாரிங் கிடைக்கிறது என்பதற்காகவே பலரும் அரைக்கிறார்கள். கடினத்தோல் போன கிராங்க் ஓடும். எவ்வளவு காலம் என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது. அளவில் இருந்தால் மெருகிட்டு ஸ்டாண்டர்ட் பெயாரிங்கையே போடுங்கள், அளவில் இல்லாவிட்டால் வேறு கிராங்க் தேடுங்கள்.

லேத்காரரிடம் அளவெழுதிய கொப்பியோடு போனால் பேச்சே வேறாக இருக்கும்.

“காக்கா, லைனர் அப்படியே இரிக்கட்டும், ரிங் மட்டும் மாத்துவமா?”

“மேல எவ்வளவு, கீழ எவ்வளவு எண்டு பார்த்தியா தம்பி? இது கூம்பாப் போயிரிக்கி. புது ரிங் ஒவ்வொரு சுத்துக்கும் விரிஞ்சி சுருங்கும். ஒரு போகம் ஓடும், பொறகு திரும்பவும் என்னட்டத்தான் வரும்.”

அவர் சொல்வது சரி. லைனரைக் கழற்றுங்கள். 4JB1இன் லைனர் உலர் வகை, தண்ணீர் நேரே தொடாது. இரண்டு விதமாக விற்பனைக்கு வரும். ஃபினிஷ் லைனர் பிளொக்கின் ஓட்டை அளவுக்குத் தரம் பார்த்துத் தெரிந்து அழுத்துவது. செமி ஃபினிஷ் அழுத்திய பிறகு லேத்தில் கடைந்து ஹோன் செய்வது. பிளொக்கின் ஓட்டை கோணிப்போயிருந்தால் இரண்டாவதுதான் பாதுகாப்பு. அழுத்திய பிறகு லைனரின் விளிம்பு பிளொக்கின் மேற்பரப்பைவிட 0.1 மில்லிமீற்றர் வரை எழும்பி நிற்கலாம், தாழக் கூடாது. பக்கத்துப் பக்கத்து லைனர்களுக்கிடையே வித்தியாசம் 0.03ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் கெஸ்கட் அங்கே ஊதும்.

ஹெட்டின் அடிப்பக்கத்தில் நேர்விளிம்பை நீளவாட்டிலும் இரு மூலைவாட்டிலும் வைத்து பீலர் கேஜ் செலுத்திப் பாருங்கள். 0.05 என்றால் நல்லது, 0.2 கடைசி. வெந்த எஞ்சின் என்றால் வால்வ் இருக்கைகளுக்கு நடுவே வெடிப்புத் தேட வேண்டும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பிரஷர் டெஸ்ட் செய்யாமல் அந்த ஹெட்டைத் திரும்பப் போடாதீர்கள்.

கழுவுதல்

கட்டிய எஞ்சின் சில நாட்களிலேயே திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஹோன் செய்த லைனரை மண்ணெண்ணெயால் கழுவினால் கல்தூள் கோடுகளுக்குள்ளேயே தங்கிவிடும். சுடுதண்ணீரும் சவர்க்காரத் தூளும் தூரிகையும் வேண்டும். உரசிக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் சாம்பல் நிறம் வராமல் போகும்வரை திரும்பத் திரும்பக் கழுவுங்கள். கிராங்கின் ஒயில் ஓட்டைகளுக்குள் மெல்லிய தூரிகை விட்டு, காற்றடித்து, மறுபக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

உலர்ந்ததும் அந்த நிமிடமே ஒயில் பூச வேண்டும். கொழும்பில் எழுதிய நூல்களில் இதை வலியுறுத்தியிருக்க மாட்டார்கள். இங்கே கடற்காற்றில் கழுவிய இரும்பு ஒரு பகலுக்குள் செம்மஞ்சளாகிவிடும். கிராங்கை ஒயில் பூசி, பொலித்தீனால் சுற்றி, நிமிர்த்தி நிறுத்தி வையுங்கள். கிடையாக ஒரே பக்கத்தில் போடாதீர்கள்.

கழுவிய எண்ணெயையும் வடித்த பழைய ஒயிலையும் பின்வளவு மணலில் ஊற்றும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. நாம் இருப்பது மணல்நிலம், கிணற்றுத் தண்ணீர் சில அடிகளிலேயே இருக்கிறது. ஊற்றிய ஒயில் மழையோடு இறங்கி அயல்வீட்டுக் கிணற்றில்தான் நிற்கும். பீப்பாயில் சேர்த்து, பழைய ஒயில் எடுப்பவரிடம் கொடுங்கள்.

கட்டுதல்

மெயின் பெயாரிங் ஓடுகளை வைக்கும்போது பின்பக்கத்தில் ஒயில் பூசாதீர்கள், முன்பக்கத்தில் நிறையப் பூசுங்கள். ஒயில் ஓட்டை பிளொக்கின் ஓட்டையோடு நேராக இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு தொப்பியை முறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றுங்கள். ஒரு தொப்பி இறுகியபின் கனத்தால் அதைத்தான் கழற்றிப் பார்க்க வேண்டும். ஐந்தையும் முறுக்கிவிட்டுச் சுற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது.

ரிங்கைப் பிஸ்டனில் ஏற்றுமுன் லைனருக்குள் நேராக இறக்கி முனை இடைவெளியை அளவுங்கள். 4JB1இன் மேல் ரிங்குக்கு 0.2 முதல் 0.4 மில்லிமீற்றர். குறைவாக இருந்தால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும். புதுப் பெட்டியில் வந்தது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பாதீர்கள், பெட்டிக்குள் வேறு அளவு வருவதுண்டு. எழுத்துள்ள பக்கம் மேலே, முனைகளை 120 பாகை இடைவிட்டு. பிஸ்டன் தலையின் முன்னடையாளம் எஞ்சினின் முன்பக்கம் பார்க்க வேண்டும்.

பிஸ்டன்கள் இறங்கியதும் ஒவ்வொன்றையும் மேலுச்சிக்குக் கொண்டுவந்து, பிளொக்கின் முகத்தைவிட எவ்வளவு எழும்பி நிற்கிறது என்று டயல் கேஜால் அளக்க வேண்டும். இந்த எஞ்சினின் ஹெட் கெஸ்கட் மூன்று தடிப்பில் வருகிறது. விளிம்பில் வெட்டியிருக்கும் பள்ளங்களை வைத்து அடையாளம் காணலாம். அதிகம் எழும்பிய பிஸ்டனின் அளவுக்குப் பொருந்துவதைப் போட வேண்டும். கடைக்காரர் தந்ததைப் போட்டுவிட்டால் ஒன்றில் பிஸ்டன் ஹெட்டில் முட்டும், அல்லது கம்ப்ரஷன் குறைந்து காலையில் ஸ்டார்ட் ஆகாது.

ஹெட் போல்ட் ஓட்டைகளில் ஒயிலோ தண்ணீரோ நின்றால் காற்றடித்து எடுங்கள். நின்ற திரவத்தின் மேல் போல்ட்டை முறுக்கினால் பிளொக் வெடிக்கும். புரிகளுக்கு மெல்லியதாக ஒயில் தடவி, டோர்க் ரென்ச்சால் கையேடு சொல்லும் படிகளில், நடுவிலிருந்து வெளியே. டோர்க் ரென்ச் இல்லாமல் கைப்பழக்கத்தில் முறுக்கும் மூத்த பாஸ்மார் இருக்கிறார்கள். அவர்களது கை ஆயிரம் எஞ்சினைத் தொட்ட கை. உங்களுடையது முதல் எஞ்சின், ரென்ச்சை இரவல் வாங்குங்கள்.

டைமிங் பல்சக்கரங்களில் குறிகள் வெட்டியிருக்கும். குறியோடு குறி சேர்த்து மாட்டி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி எங்கும் முட்டவில்லை என்று உறுதி செய்யுங்கள். டெப்பட் இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.4 மில்லிமீற்றர். ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷன் உச்சியில் நிற்கும்போது ஒன்றின் இரு வால்வ்கள், இரண்டின் இன்லெட், மூன்றின் எக்ஸோஸ்ட் ஆகியவற்றைச் சரிசெய்து, ஒரு முழுச் சுற்றுக்குப் பிறகு மிச்சம் நாலையும் செய்யலாம்.

டீசல் பம்பையும் நொஸில்களையும் பம்ப் வேலை செய்பவரிடமே கொடுங்கள். சோதனை மேசை இல்லாமல் தொடும் வேலை அல்ல. எல்ஃபில் வரும் VE வகைப் பம்புக்குத் தன் வழியே ஓடும் டீசல்தான் மசகு. 2022இல் டீசல் வரிசை நின்ற நாட்களில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியவர்களின் பம்புகள் உள்ளே காய்ந்து போனது இதனால்தான்.

தேமோஸ்டட்டை எடுத்து எறிவதை நம்மூரில் வைத்தியம் போல் செய்கிறார்கள். சூடு குறையும் என்று நம்பிக்கை. குளிர்ந்தே ஓடும் எஞ்சினில் லைனர் வேகமாகத் தேயும். பைபாஸை மூடும் வகைத் தேமோஸ்டட்டாக இருந்தால் அதை எடுத்ததும் சுடுதண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றிவரும். புதிதாக ஒன்று வாங்கிப் போடுங்கள். ரேடியேட்டருக்கு உவர்க்கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். குழாய்த் தண்ணீரும் கூலன்ட்டும்.

முதல் ஸ்டார்ட்டும் அதன் பிறகும்

டீசல் போகாதபடி நிறுத்திவிட்டு, ஒயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாகச் சுற்றுங்கள், நடுவில் ஸ்டார்ட்டரை ஆறவிட்டு. பிறகுதான் டீசல். பிடித்ததும் ஒயில் பிரஷர், தண்ணீர், ஒழுகல் மூன்றையும் ஒரே நேரத்தில் பார்க்க இன்னொருவர் பக்கத்தில் இருக்கட்டும். மணிக்கணக்கில் ஐட்லில் விட்டு “பழக்குவது” தவறு. சுமையில்லாமல் ஓடினால் ரிங் லைனரோடு உட்காராது, சுவர் வழவழத்துவிடும், பிறகு காலமெல்லாம் ஒயில் குடிக்கும்.

வீதிக்கு எடுங்கள். A4 வீதி இதற்கு வசதி. சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் தாண்டி அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரை மேடே கிடையாது. பாதிச் சுமை ஏற்றி, ஒரே வேகத்தில் போகாமல் கூட்டிக் குறைத்து ஓட்டுங்கள். வேகம் குறைக்கும்போது ஒயில் மேலே ஏறி ரிங்கைக் கழுவும், அதுவும் வேண்டியதே. முதல் ஆயிரம் கிலோமீற்றருக்குள் மகியங்கனை தாண்டி 18 வளைவில் முழுச் சுமையோடு ஏறுவதற்கு லொறிக்காரருக்கு இடங்கொடுக்க வேண்டாம். இதை வேலை தொடங்குமுன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

அளவெழுதிய கொப்பியை எறியாதீர்கள். கராஜிலேயே தொழில் படித்தவர்களுக்கு முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. செய்த வேலைக்குச் சான்று கேட்கும்போது இந்தக் கட்டங்களும் படங்களும் உங்களுக்காகப் பேசும். லொறிக்காரருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் பிரச்சினை வந்தால் எங்கே தொடங்குவதென்று அடுத்த மெக்கானிக்குக்கும் தெரியும்.

500 கிலோமீற்றரில் ஒயிலையும் பில்டரையும் மாற்றுங்கள். பழைய பில்டரின் தகரத்தை வெட்டித் திறந்து, கடதாசி மடிப்புகளை வெள்ளைத் துணியில் விரித்துப் பாருங்கள். மாவு போன்ற நுண்ணிய சாம்பல் தூள் ரிங் உட்காரும்போது வருவது, பயமில்லை. காந்தத்தில் ஒட்டும் ஊசித் துகள்கள் இருந்தால் ஒயிலை இன்னும் 500இல் மாற்றி மறுபடி வெட்டிப் பாருங்கள். செம்பு நிறத்தில் மினுங்கும் செதில் ஒன்றாவது கண்டால் லொறியை லோட்டுக்கு அனுப்பாதீர்கள். அன்றே சம்பை இறக்கி, பிக் எண்ட் தொப்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.